அலுமினியப் பெட்டிக்கு அடங்காத முனகல்

இசைத்தட்டு சுழல்கிறது. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் "உம்ம்..." என்று ஒரு முனகல்! பாட்டு வந்த பிறகும் அது போவதில்லை. வீணையின் மெல்லிய நாதமெல்லாம் அதில் மூழ்கிவிடுகிறது.

இந்த வேலையைச் செய்வது டிரான்ஸ்பார்மராக இருக்கலாம்.

இரும்புத் தகடுகளை அடுக்கி, செம்புக் கம்பியைச் சுற்றியதுதான் டிரான்ஸ்பார்மர். இந்தியாவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு ஏற்ப இரும்பு மாறி மாறிக் காந்தமாகிறது. அந்தக் காந்த சக்தியில் கொஞ்சம் வெளியே கசிகிறது. பக்கத்தில் இசைத்தட்டுக் கருவியின் ஊசித்தலை இருந்தால், அதிலுள்ள கம்பிச் சுருளில் சிறிது மின்சாரம் உண்டாகிவிடும். ஆம்பிளிபயருக்குப் பாட்டும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். இரண்டையும் பெருக்கிக் காட்டுகிறது.

"அலுமினியப் பெட்டியால் மூடினால் தீர்ந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். தீராது! மெல்லிய அலுமினியம் ரேடியோ அலையைத் தடுக்கும். இந்தக் காந்தமோ, சல்லடையில் ஊற்றிய தண்ணீர்போல் மறுபக்கம் வந்துவிடும். வெள்ளத்தை வாய்க்கால் வெட்டித் திருப்புவதுபோல், காந்தம் சுலபமாகச் செல்லும் பாதை ஒன்றைப் போட்டு அதைத் திருப்பிவிட வேண்டும். இரும்புத் தகடு இதை ஓரளவு செய்யும்.

கடலடியில் பிறந்த கவசம்

இரும்பைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்வது 'மியூ மெட்டல்'. இது பாட்டுக்காகப் பிறந்ததே அல்ல! கடலடித் தந்திக் கம்பியில் வேகமாகச் செய்தி அனுப்பினால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. அதைப் போக்க, செம்புக் கம்பியின்மேல் சுற்றுவதற்காக இங்கிலாந்தில் ஸ்மித், கார்னெட் என்ற இருவர் இந்தக் கலவை உலோகத்தைச் செய்து 1923-ல் காப்புரிமை பெற்றனர். இதில் முக்கால் பங்குக்கு மேல் நிக்கல். மீதியில் பெரும்பகுதி இரும்பு. பிறகு இதுவே டேப் ரிக்கார்டரின் ஹெட்டுக்குக் கவசமாயிற்று.

ஆனால் மகா ரோஷக்கார உலோகம்! வளைத்தாலும், கீழே போட்டாலும் குணம் கெடும். மறுபடி ஹைட்ரஜன் உலையில் பழுக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட வேண்டும். விலையும் அதிகம்.

செலவில்லாத வைத்தியம்

முதலில் ஆம்பிளிபயரைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். தூரம் இரண்டு மடங்கானால் கசிவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாலும் முனகல் குறையக்கூடும்.

எங்கே வைத்தாலும் முனகல் மாறவில்லையா? அப்படியானால் காரணம் வேறு. எர்த் இணைப்பிலோ, பழைய கண்டன்சரிலோ கோளாறு இருக்கலாம். அதற்கு எந்தக் கவசமும் உதவாது. ரிப்பேர்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் பெட்டியைத் திறப்பது ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

சிலர் முனகலை நிறுத்த எர்த் கம்பியையே கழற்றிவிடுகிறார்கள். முனகல் நின்றாலும் நிற்கும். ஆனால் உள்ளே ஒரு கம்பி நைந்து பெட்டியில் உரசிவிட்டால், அதைத் தொடும் குழந்தையின் உயிரே போய்விடலாம்.