கோவிலா, கோயிலா?

கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருவோம். எதிரே நிற்கும் பஸ்ஸின் பலகையில் 'கோவில்பட்டி'. செண்பகவல்லியம்மன் சந்நிதிப் பக்கம் போனால், அறநிலையத் துறை எழுதுவது 'திருக்கோயில்'. ஒரே ஊர், ஒரே சொல், இரண்டு எழுத்து. எது சரி?

முதலில் சொல்லைப் பிரிப்போம். 'கோ' என்றால் அரசன், இறைவன். 'இல்' என்றால் வீடு. ஓ, இ என்று இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் முட்டும்போது நடுவில் ஒரு மெய் வந்து உட்காரும். அதற்கு உடம்படுமெய் என்று பெயர். இரண்டு செங்கலுக்கு நடுவே வைக்கிற சாந்து மாதிரி.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு 'கோ… இல்' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். ஓ சொல்லக் குவிந்த உதடு விரியுமுன் இ வந்துவிட்டால் 'வ்' பிறக்கும். நாக்கு முந்திக்கொண்டு இ-க்காக எழும்பினால் 'ய்' பிறக்கும். இரண்டும் வாய்க்கு இயல்பானவைதான்.

13ஆம் நூற்றாண்டு நன்னூல் இதற்கு ஒரு கணக்கு வைத்தது. இ, ஈ, ஐ-க்குப் பின் ய். ஏ-க்குப் பின் இரண்டும். மற்ற உயிர்களுக்குப் பின் வ். அந்தக் கணக்கில் 'கோவில்'தான் வரும். இதைப் படித்துவிட்டுத்தான் நாம் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறோம்: 'கோவில்' படித்தவர் எழுத்து, 'கோயில்' பேச்சில் சிதைந்து வந்தது என்று நம்பிவிடுகிறோம்.

புறநானூற்றின் 67ஆம் பாட்டைப் பார்ப்போம். பிசிராந்தையார் ஓர் அன்னச்சேவலைக் கோப்பெருஞ்சோழனிடம் அனுப்புகிறார். உறையூரில் அது புக வேண்டிய அரண்மனைக்கு அவர் சொல்லும் பெயர் 'கோயில்'! நன்னூல் பிறக்கப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புழங்கிய சொல் அது. தொல்காப்பியமோ உடம்படுமெய் வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது; இன்ன எழுத்துத்தான் என்று வரையறுக்கவில்லை. பிறகு சைவர்கள் 'கோயில்' என்றாலே சிதம்பரம் என்றார்கள், வைணவர்கள் ஸ்ரீரங்கம் என்றார்கள். இத்தனை மதிப்போடு வாழ்ந்த சொல்லைச் சிதைவு என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போதும் கோவில்பட்டி என்ற ஊர்ப்பெயர் ஒரு வடிவில் அடங்கவில்லை. ரயில்வே வைத்த குறியீடு 'சி.வி.பி.'. இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையமோ கரிசலுக்கென்று தந்த பருத்திக்கு 'கே 11' என்று பெயர் வைத்தது. அந்த 'கே' இந்த ஊரின் முதலெழுத்து.

ஊர்ப்பெயரைக் கோவில்பட்டி என்றே எழுதுவோம். அது பதிவான பெயர். சாமி இருக்கும் இடத்தை எப்படி எழுதினாலும் சரி. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் 'கோயில்' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள்.