எறியத் தெரிந்த கை

ஆழ்வார்குறிச்சி மைதானத்தில் எல்லைக்கோட்டிலிருந்து ஒரே வீச்சில் ஸ்டம்பைத் தட்டும் பையன்களைப் பார்த்தால் பேஸ்பால் வீரர் ரிங்கு சிங் ஞாபகம்தான் வரும். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். அதுவரை பேஸ்பால் பந்தைத் தொட்டதே இல்லை. 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து வென்றார். அவரையும் இன்னொரு ஈட்டி வீரரான தினேஷ் படேலையும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இவர்கள் கதை 2014-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையோடு படமாகவும் வந்தது.

தினேஷை 2010-ல் அணி விடுவித்தது. கீழ்நிலை லீக்குகளில் ஏறிவந்த ரிங்குவின் முழங்கை பழுதானது. முதன்மை லீக்கை எட்டாமலே 2018-ல் மல்யுத்தத்துக்குப் போனார். அந்த முழங்கை தாங்கியிருந்தால்? பத்து வயதிலேயே பேஸ்பால் கையில் கிடைத்திருந்தால்?