ஏர் இறக்கையின் முறுக்கைக் கணினியில் பிடிப்பது எப்படி?

திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையை அடுத்த கொடும்பாளூருக்குச் சென்றவர்கள் மூவர் கோயிலைப் பார்த்திருப்பார்கள். மூன்று விமானங்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. மேலே செல்லச் செல்லக் குறுகும் அந்த விமானத்தை நூல் பிடித்து அளந்து தாளில் வரைந்துவிடலாம். ஆனால் அதே ஊர்ப்பக்கத்துக் கொல்லுப் பட்டறை ஒன்றில் கிடந்த பொருளை வரைய முடியாமல் நான் பல நாட்கள் திண்டாடினேன். அது மண்ணைப் புரட்டும் இரும்புக் கலப்பையின் இறக்கை.

பட்டறைக்காரர் வயதானவர். கண் அளவிலேயே தகட்டைக் காய்ச்சி, தட்டி, இறக்கை செய்து வந்தவர். "இப்போது கை நடுங்குகிறது ஐயா. வேறிடத்தில் தகடு மாற்றியவர்கள், மண் ஒட்டுகிறது, மாடு இழுக்க மறுக்கிறது என்று என்னிடமே திரும்பி வருகிறார்கள்" என்றார். அவருடைய பேரன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தாத்தாவின் கையில் இருக்கும் வடிவம் அவரோடு போய்விடாமல் காப்பது எப்படி என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

மானாவாரி நிலத்தில் மழை பெய்து ஈரம் நிற்கும் நாட்கள் சிலவே. வாடகை டிராக்டர் நம் முறைக்கு வருவதற்குள் அந்த ஈரம் போய்விடுவதுண்டு. ஒரு சோடி மாடும் நல்ல கலப்பையும் வைத்திருப்பவர் அன்றே ஏர் பூட்டலாம். ஆகவே இறக்கையின் வடிவம் சிறு விவசாயிக்கு அற்ப விஷயமன்று.

ஏன் முறுக்கு?

நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்லும், புரட்டாது. இரண்டு சால்களுக்கு இடையே உழாத மண் தங்கிவிடுவதால் குறுக்கே மறு உழவு தேவைப்படுகிறது. இறக்கைக் கலப்பையோ மண்ணை ஒரு பாளமாக வெட்டித் தூக்கி, பக்கவாட்டில் கவிழ்க்கிறது. களையும் தாளும் பசுந்தாள் உரமும் அடியில் புதைந்து மக்குகின்றன.

பாளத்தின் அகலம் ஆழத்தைப் போல் சுமார் 1.4 மடங்கு இருந்தால் அது 45 பாகை சாய்ந்து, முந்தைய பாளத்தின் மீது படியும். அதாவது 10 செ.மீ. ஆழ உழவுக்கு 14 செ.மீ. அகலம். படுத்திருந்த மண் இவ்வாறு கவிழ மொத்தம் 135 பாகை திரும்ப வேண்டும். இத்திருப்பத்தைச் சிறிது சிறிதாகக் கொடுப்பதற்கே இறக்கை முறுக்கியிருக்கிறது. கொழுமுனையில் குறுகி, பின்னால் போகப் போக அகன்று, எழுந்து, கவிழ்கிறது. ஓரிடத்தில் திடீரென்று திரும்பினால் மண் அங்கே முட்டும், இழுவை கூடும். ஒரு சோடி மாடு நாள் முழுவதும் இழுக்கக்கூடிய விசை அவற்றின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். எனவே வீணாகும் ஒவ்வொரு கிலோ இழுவையும் மாட்டின் கழுத்தில்தான் விழுகிறது.

ஒரு குடியரசுத் தலைவரின் ஏர்

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் 1788-ல் பிரான்சில் நான்சி நகரை ஒட்டிப் பயணம் செய்தபோது, அங்கே ஏர்களின் இறக்கை கோணலாக இருப்பதைக் கவனித்தார். குறைந்த இழுவையில் மண்ணைப் புரட்டும் இறக்கைக்கு அவர் வகுத்த முறையை 1798-ல் எழுதி விளக்கினார். ஒரு மரக்கட்டையில் கோடுகள் போட்டு, இரம்பத்தால் அறுத்து, இடையிலுள்ள மரத்தைச் செதுக்கி எடுப்பதே அம்முறை. நேரான கோடு ஒன்று முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே சென்றால் முறுக்கிய பரப்பு கிடைத்துவிடுகிறது. சாதாரணத் தச்சரும் அளவு மாறாமல் அதே வடிவத்தைச் செய்ய முடிய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். இதற்கு அவர் காப்புரிமையும் பெறவில்லை. கொடும்பாளூர்ப் பட்டறையின் தேவையும் இதுவே.

முதலில் அட்டை, பிறகு கணினி

கணினியில் பொருட்களின் வடிவத்தை வரையும் மென்பொருளை 'கேட்' என்பார்கள். இவற்றுள் ஃப்ரீகேட் என்பது விலையின்றிக் கிடைப்பது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இதைக் கற்க உட்கார்ந்தேன். இறக்கையின் முன்முனையையும் பின்முனையையும் மட்டும் வரைந்து இரண்டையும் இணைக்கச் சொன்னேன். பிழிந்து போட்ட வேட்டி போல் ஓர் உருவம் வந்தது! முனைவர் பட்டம் அங்கே உதவவில்லை. பட்டறைக்காரரின் பேரன்தான் என் தவறைக் காட்டினான். பின்னர் நாங்கள் கையாண்ட முறை வருமாறு:

1. நன்றாக உழுத பழைய இறக்கை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சமமான பலகை மீது அசையாமல் நிறுத்த வேண்டும். கலப்பை செல்லும் திசையில் பலகையில் ஒரு நேர்கோடு போட்டு, அதில் 5 செ.மீ.க்கு ஒரு குறி இட வேண்டும். 30 செ.மீ. நீள இறக்கைக்கு ஏழு குறிகள் வரும்.

2. ஒவ்வொரு குறியிலும் ஓர் அட்டையைக் குறுக்காகவும் செங்குத்தாகவும் நிறுத்தி, இறக்கையின் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும்படி கத்தரிக்க வேண்டும். அட்டைகளுக்கு வரிசை எண் இடுதல் அவசியம். முன் அட்டையில் கோடு ஏறக்குறையப் படுத்திருக்கும்; நடு அட்டையில் எழுந்து நிற்கும்; கடைசி அட்டையில் கவிழ்ந்து சாயும்.

3. ஒவ்வோர் அட்டையின் விளிம்பையும் கணினியில் தனித்தனித் தளத்தில் 50 மி.மீ. இடைவெளியில் வரைய வேண்டும். தகட்டின் கனத்தையும் சேர்த்து, மூடிய பட்டையாக வரைவது நல்லது.

4. எல்லாப் பட்டைகளிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். கீழ் விளிம்பில் தொடங்கினால் எல்லாவற்றிலும் கீழ் விளிம்பிலேயே தொடங்க வேண்டும். ஒன்றில் வரிசை மாறினாலும் உருவம் பிழிந்த துணியாகிவிடும். நான் செய்த தவறுகளில் ஒன்று இது. நடுப் பட்டைகளை விட்டது மற்றொன்று.

5. பிறகு 'லாஃப்ட்' என்னும் கட்டளையால் ஏழு பட்டைகளையும் வரிசையாக இணைத்தால் இறக்கை உருவாகும்.

சரிபார்க்கும் முறை

திரையில் அழகாகத் தெரிவதை நம்பிவிடக் கூடாது. இரண்டு குறிகளுக்கு நடுவே, அதாவது 2.5 செ.மீ. தள்ளி, கணினி உருவத்தைக் குறுக்கே வெட்டி, அந்த விளிம்பை உண்மை அளவில் அச்சிட வேண்டும். தாளுக்கு ஏற்றபடி அச்சு சுருங்கிவிடுவது உண்டு. ஆகவே பக்கத்தில் 10 செ.மீ. கோடு ஒன்றையும் அச்சிட்டு, அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். பின் அதை அட்டையில் ஒட்டி வெட்டிப் பழைய இறக்கையின் மீது வைத்தால், பொருந்துகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். எங்களுக்கு ஓரிடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. ஓர் அட்டை சாய்ந்து நின்றதே காரணம். மீண்டும் அளந்தோம்.

இவ்வாறு சரிபார்த்த அட்டைகளை வைத்துக்கொண்டால், காய்ச்சிய தகட்டைத் தட்டத் தட்ட ஒப்பிட்டுப் பார்த்து எந்தக் கொல்லரும் அதே இறக்கையைச் செய்யலாம். அட்டை நைந்துபோனால் மறுபடியும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

கடைசிச் சோதனை வயலில்தான். சில சால் ஓட்டிய பின் இறக்கையைப் பாருங்கள். மண் சீராக வழுக்கிச் சென்ற இடம் பளபளக்கும். பள்ளமோ மேடோ உள்ள இடத்தில் மண் ஒட்டியிருக்கும். அந்த இடத்திற்குரிய அட்டையை எடுத்துத் தகட்டைத் திருத்த வேண்டும். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் துருப்பிடித்து முகம் சொரசொரப்பாவதைத் தவிர்க்கலாம்.

கணினி இல்லாதவர்களும் முதல் இரண்டு வேலைகளை இன்றே செய்துவிடலாம். ஏழு அட்டைகளும் ஒரு கத்தரிக்கோலும் போதும். கணினியில் ஏற்றும் வேலைக்கு ஊரில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகளை அணுகலாம். குமுளூர், கோவை வேளாண் பொறியியல் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் இது தெரிந்த பாடமே.

உழவர் பெருமக்களே! நன்றாக உழும் கலப்பை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது தேய்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் அதன் வடிவத்தை அட்டையில் எடுத்துவிடுங்கள். தேய்ந்து போன பின் எடுத்தால், தேய்மானத்தையும் சேர்த்தே வரைந்தவர்களாவோம்.