வீட்டு நாய்க்கு ஊசி, காட்டுப் புலிக்குக் காவல்

மாணவர்களே, உங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? அதற்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள்? இந்தக் கேள்விக்கும் ஜோகூர்க் காட்டில் உலவும் புலிக்கும் தொடர்பு உண்டு.

ஜோகூரின் வடக்கே, பகாங் எல்லையை ஒட்டி எண்டாவ் ரொம்பின் மழைக்காடு இருக்கிறது. ஜோகூர்ப் பக்கத்துத் தேசியப் பூங்கா மட்டும் ஏறக்குறைய 489 சதுர கிலோமீட்டர். கஹாங் வழியாகப் போனால் பெத்தா நுழைவாயில், பெக்கோக் வழியாகப் போனால் செலாய் நுழைவாயில். இரண்டு வழியிலும் செம்பனைத் தோட்டங்களைக் கடந்துதான் காட்டை அடைய முடியும்.

தோட்டங்களிலும் கம்போங்களிலும் காவலுக்கு நாய்கள் உண்டு. பல நாய்களைக் கட்டி வைப்பதில்லை. அவை பன்றியைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போகும். புலியோ ஆடு, மாடு, நாய் கிடைக்குமா என்று சில வேளை காட்டைவிட்டு வெளியே வரும். இப்படி இரண்டும் சந்திக்கும்போது, ‘ஐயோ பாவம், நாய்!’ என்றுதான் நினைப்போம். ஆனால் நாயைத் தின்ற புலிக்கும் ஆபத்து வரலாம்.

டுங்குனில் என்ன நடந்தது?

2019 ஜூலையில் திரெங்கானு மாநிலம் டுங்குன் வட்டாரத்தில், புக்கிட் பெசி அருகே ஒரு கிராமத்துக்குள் ஆண் புலி ஒன்று நுழைந்தது. மனிதர்களைக் கண்டு அது ஓடி ஒளியவில்லை. வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான் அதைப் பிடித்து, பேராக் மாநிலம் சுங்கையில் உள்ள தேசிய வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டு சென்றது. ‘அவாங் பெசுல்’ எனப் பெயர் பெற்ற அந்தப் புலி சில நாள்களில் இறந்துபோனது. பரிசோதனையில் தெரியவந்த நோய், ‘டிஸ்டெம்பர்’. நாய்களுக்கு வரும் நோயாக நாம் அறிந்த அதே நோய்தான்.

கிருமி செய்யும் வேலை

டிஸ்டெம்பரை உண்டாக்கும் வைரஸ், மனிதர்களுக்குத் தட்டம்மை தரும் வைரஸின் நெருங்கிய உறவு. நோயுற்ற விலங்கு தும்மும்போதும் இருமும்போதும் தெறிக்கும் துளிகள் வழியாக இது பரவும். முதலில் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தாக்கும். பிறகு நுரையீரலுக்கும் குடலுக்கும் பரவும். கடைசியில் மூளையை எட்டினால் வலிப்பு வரும், நடை தள்ளாடும், மனிதர்மீதுள்ள இயல்பான அச்சமும் போய்விடும். பகலில் வீட்டருகே சாவகாசமாக நடக்கும் புலியைப் பார்த்து ‘என்ன துணிச்சல்!’ என்று சொல்வோம். அது கடும் நோயாளியாக இருக்கலாம்.

மனிதர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் புலி, சிங்கம், செந்நாய், புனுகுப்பூனை போன்ற பல ஊனுண்ணிகளுக்கு வரும்.

பிற நாடுகளின் பாடம்

1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் பரவியது. சுமார் 1,000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு மாண்டன. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அங்கும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது.

செரெங்கெட்டியைச் சுற்றியுள்ள கிராம நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நாய்களிடம் நோய் குறைந்தது. ஆனாலும் சிங்கங்களிடம் வைரஸ் முற்றாக ஒழியவில்லை. மற்றக் காட்டு விலங்குகளிடமும் அது சுற்றிக்கொண்டிருப்பதே காரணம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே ஊசி மட்டுமே முழுத் தீர்வாகாது. இருந்தாலும் காட்டுக்குள் கிருமி நுழையும் பல கதவுகளில், நம் கைக்கு எட்டும் கதவு அதுதான்.

ஒரு கணக்கு

1950களில் நம் நாட்டில் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, இப்போது காட்டில் இருப்பவை 150க்கும் குறைவு. ஒரு பெண் புலி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் ஈனும். அவை தனியே வேட்டையாடக் கற்க இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். அதுவரை தாய் மறுபடி ஈனுவதில்லை. 1,000 சிங்கங்களை இழந்தும் செரெங்கெட்டி மீண்டது. 150 புலிகளிடையே இதே நோய் பரவினால் என்ன மிஞ்சும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி போட வேண்டும். 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் தொடர வேண்டும்.

• இரவில் நாயை வெளியே திரியவிடாதீர்கள். ஆடு, கோழிகளை உறுதியான கொட்டகையில் அடையுங்கள்.

• இறந்த நாயைக் காட்டோரம் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள்.

• கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, உடல் வெட்டி வெட்டி இழுக்கும் நாயைக் கண்டால், மற்ற நாய்களிடமிருந்து பிரித்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

• புலியைக் கண்டால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். படம் பிடிக்க நிற்காமல், பாதுகாப்பான இடத்துக்குப் போய் 999 எண்ணையோ பெர்ஹிலித்தானையோ அழையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நாயின் ஊசி அட்டையைத் தேடி எடுங்கள். கடைசித் தேதி எப்போது என்று பாருங்கள்.