அரக்கும் வினைலும்: என் அலமாரியிலிருந்து மூன்று இசைத்தட்டுகள்

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இதெல்லாம் இன்னும் பாடுதா?" அடுத்தது, "யூட்யூப்லயே எல்லாம் கிடைக்குதே, இது எதுக்கு?" இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதிவு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. என்னிடம் மொத்தம் இருநூற்றுச் சொச்சம் தட்டுகள். பெரும்பாலும் சென்னை மூர் மார்க்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கியவை. நாற்பது தட்டுகள் மட்டும் அம்பாசமுத்திரத்தில் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் எனக்கே அலுத்துவிடும். மூன்றை மட்டும் சொல்கிறேன். அதில் ஒன்றை நானே பாழாக்கினேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, 'திருவிளையாடல்' கதை வசன எல்பி. படம் 1965இல் வந்தது. வசனத்தைத் தட்டில் போட்டு விற்பது அதற்கு முன்பே நம்மூரில் இருந்த பழக்கம்தான். 1952இல் வந்த 'பராசக்தி'யின் வசனம் தனியாகத் தட்டாக வந்தது. எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் பிடிக்கும். ஆக, இரண்டரை மணி நேரப் படத்தைச் சுருக்கி முக்கால் மணிச் சொச்சத்துக்குள் அடைத்திருப்பார்கள். வீட்டில் டிவி இல்லாத காலத்தில் சனங்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் 'பார்த்தது' இப்படித்தான்.

என் பிரதி ஒரு மைக் செட்காரருடையது. லேபிளில் நகப்பூச்சால் சவுண்டு சர்வீஸ் பெயர் எழுதியிருக்கிறது. தட்டை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால் பெரும்பகுதி கறுப்பாகப் பளபளக்கும். ஒரு இடத்தில் மட்டும் விரலகலத்துக்குச் சாம்பல் பூத்த வளையம் தெரியும். அந்த இடத்தில் ஊசியை வைத்துப் பார்த்தேன். தருமி! நாகேஷ் புலம்புகிற காட்சி. அந்தக் காலத்து கிரிஸ்டல் பிக்கப்புகள் இப்போதைய கார்ட்ரிட்ஜ்களைவிடப் பல மடங்கு எடையோடு பள்ளத்தில் அழுத்தும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பள்ளத்தின் சுவர் கொஞ்சம் தேயும், தேய்ந்த சுவர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதுதான் அந்தச் சாம்பல் நிறம். எத்தனை கோயில் கொடையில், எத்தனை கல்யாண வீட்டில் "தருமியைப் போடுப்பா" என்று கேட்டிருப்பார்கள் என்பது அந்தத் தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. இது யூட்யூபில் கிடைக்காது. மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு என் பதில் இந்தத் தட்டுதான்.

இரண்டாவது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாஹுக்கும் அவர் சமர்ப்பித்த ஆல்பம். பள்ளிக்கூட நாட்களில் கேசட்டில் நாடா நைந்துபோகும்வரை கேட்டது. எல்பியாக வாங்கியது வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்து. அது வந்த நேரத்தில் கேசட் ஊரையே பிடித்துவிட்டது, எல்பிக்கு அந்திமக் காலம். அதனால் இன்றைக்கு விலை கொஞ்சம் கூடுதல். எவ்வளவு கொடுத்தேன் என்பது வீட்டம்மாவுக்குத் தெரியாது, இங்கேயும் எழுதப் போவதில்லை.

இந்தத் தட்டில் நான் கற்றுக்கொண்டது ஒரு சின்னக் கணக்கு. எல்பி நிமிடத்துக்கு 33 1/3 சுற்று. ஓரத்தில் பள்ளத்தின் ஆரம் 14.6 செ.மீ., அங்கே ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் ஆரம் 6 செ.மீ.தான், வேகம் 21 செ.மீ.க்கு இறங்கிவிடும். அதே ஒரு நொடிச் சங்கீதத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். வயலின் கூட்டமாக உச்சத்துக்கு ஏறும் இடம் பக்கத்தின் கடைசியில் வந்தால் லேசாகக் கரகரப்பது இதனால்தான். கேசட்டில் இந்தத் தொந்தரவு கிடையாது, அதற்கு வேறு தொந்தரவுகள்.

இப்போது மூன்றாவது. தாத்தா வீட்டுப் பரணிலிருந்து வந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் 78 சுற்றுத் தட்டு, 'எவரனி'. கச்சேரியில் பத்து நிமிடம் தாராளமாகப் பாடக்கூடிய தியாகராஜர் கீர்த்தனை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். கிட்டப்பா அவசரப்படுவது மாதிரியே தெரியாது, ஆனால் ஒரு மூச்சுகூட வீணாகாது. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வந்தது 1931இல். கிட்டப்பா 1933இல், முப்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். சினிமாவில் அவர் இல்லை. அவருடைய குரல் என்று நமக்கு மிச்சமிருப்பது தட்டுகள் மட்டுமே.

அப்பேர்ப்பட்ட தட்டில்தான் நான் கைவைத்தேன். வினைல் தட்டுகளைச் சுத்தம் செய்ய நான் வைத்திருக்கும் கலவை: வடிநீர், கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம். நூறு எல்பிக்கு மேல் அதில் துடைத்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண் தட்டுகளை எடுத்தேன், அதே பஞ்சு, அதே கலவை. அரை நிமிடத்தில் பஞ்சு கறுத்தது. அழுக்கு நன்றாகத்தான் வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். வந்தது அழுக்கு அல்ல, தட்டு.

78 தட்டுகள் பெரும்பாலும் வினைல் கிடையாது, ஷெல்லாக். அதாவது அரக்கு. பலாசு, இலந்தை மாதிரி மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். உலகத்துக்கே பெரும்பங்கு அரக்கு போனது இந்தியாவிலிருந்துதான். அதோடு கல்தூளும் கரியும் கலந்து சூட்டில் அழுத்துவார்கள். கல்தூள் வேண்டுமென்றே போடுவது. இரும்பு ஊசியைத் தேய்த்து, பள்ளத்தின் வடிவத்துக்கு அதைச் செதுக்கிக்கொள்ளும். பக்கத்துக்கு ஒரு புது ஊசி என்று தாத்தா மாற்றியது கஞ்சத்தனமில்லாத குணத்தால் அல்ல, மாற்றாவிட்டால் தட்டு போய்விடும். இந்த அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் அதை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மேஜைக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுகிறார்கள். இதைப் பத்தாம் வகுப்பிலிருந்து பிஇ வரை எங்கோ படித்திருப்பேன். கையில் பஞ்சோடு இருக்கும்போது ஞாபகம் வரவில்லை.

தட்டு கனமாக இருந்தால், தட்டினால் மண்சட்டி மாதிரிச் சத்தம் வந்தால், வளையாமல் விறைத்தால், அது அரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, மெத்தென்ற துணி, உடனே ஈரம் துடைப்பது. அம்புட்டுதான். சந்தேகமாக இருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள்.

ஒரு பக்கத்தின் ஆரம்பத்தில் இருபது நொடி போய்விட்டது. அங்கே இப்போது மழைச் சத்தம்தான். 'எவரனி' உள்ள பக்கம் தப்பியது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றே கணினியில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். 78க்குத் தனி ஊசி வேண்டும், எல்பி ஊசியைப் போல மூன்று மடங்கு தடிமன். அடுத்தது வேகம். இதற்குக் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைப்பார்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நிமிடத்துக்கு 6000 தடவை மினுக்கும். 77 கோடுகள் உள்ள வட்டம் அசையாமல் நிற்பதாகத் தெரிந்தால் வேகம் 6000/77, அதாவது 77.92. (இப்போதைய நல்ல எல்ஈடி விளக்குகள் மினுக்குவதில்லை, கோடு நிற்காது. பழைய குண்டு பல்பு தேடி நான் மூன்று கடை ஏறினேன்.)

பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "என்னடா, தூங்கி வழியுது? அப்பா போட்டா இன்னும் கணீர்னு இருக்குமே" என்றார். வயசாயிடுச்சு, ஞாபகம் அப்படித்தான் என்று முதலில் விட்டுவிட்டேன். ராத்திரி யோசித்தபோதுதான் உறைத்தது. தாத்தாவுடையது கைச்சாவி கொடுக்கும் கிராமபோன். அதில் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு, அதை யார் எங்கே வைத்திருந்தார்களோ! மறுநாள் மென்பொருளில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். எண்ணைச் சொல்லாமல், "இதுவா? இதுவா?" என்று கேட்டேன். "ஆங், இதான்" என்று அம்மா சொன்ன இடம் 82க்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏற்றம். மூன்று தடவை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே இடத்தில்தான் நிறுத்தினார்.

கிட்டப்பா பாடிய சுருதி எது என்று கேட்டால் 77.92 பதிவைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் ஹார்ட் டிஸ்கில் இரண்டும் இருக்கின்றன, ஒன்றின் பெயர் 'சரியான வேகம்', இன்னொன்று 'தாத்தா வேகம்'. அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தது இரண்டாவதைத்தான்.