ஆத்தாவின் தட்டில் சுண்டல் ஏன் மிஞ்சியது?



சில மாதங்களுக்கு முன் அன்னூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். திண்ணையில் இருந்த 70 வயசு ஆத்தா மட்டும் தட்டைப் பேரனிடம் தள்ளிவிட்டார்.

"ஏனுங்காத்தா, சாப்பிடலீங்களா?"

"பல்லு ஆடுது கண்ணு. ஆறு மாசமா ரசஞ்சோறுதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலாமுங்களே?"

"வயசானா பல்லு போகத்தான செய்யும்? இதுக்குப் போயி மருமக ஒருநாள் கூலிய உட்டுப்போட்டு வரோணுமாக்கும்?"

நம் ஊர்ப் பெரியவங்க பலரும் சொல்லும் பதில் இதுதான்.

பல் ஏன் விழுகிறது?

வயசு ஆனதால் மட்டும் பல் விழாது. பல் இடுக்கில் தங்கும் அழுக்கு கெட்டியாகிக் காரை பிடிக்கிறது. கிருமி சேர்ந்து ஈறு வீங்குகிறது, ரத்தம் கசிகிறது. கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. அப்புறம்தான் பல் ஆடும். சர்க்கரை நோய் இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். செங்கல் பொடியும் கரியும் தேய்த்தால் பல்லின் மேல்பூச்சு தேய்ந்து கூச்சம் வரும்.

வெத்தலையோடு போயிலை அடக்குவது வாய்ப் புற்றுநோய்க்கு வழி. போயிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது.

வீட்டு நிலைமை

முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மளிகைக்கும் மாத்திரைக்கும் போக அதில் பல்லுக்கு என்ன மிஞ்சும்? தனியாகப் பொங்கித் தின்னும் ஆத்தாக்கள், கணவரை இழந்தவர்கள், கண் மங்கியவர்கள் வலியை வெளியே சொல்வதில்லை. மென்று தின்ன வேண்டிய கடலை, பயறு, கீரை, கறியெல்லாம் ஒவ்வொன்றாக நிற்கிறது. சத்துக் குறைந்து உடம்பு இளைக்கிறது. பேசக் கூச்சப்பட்டு விசேஷத்துக்குப் போவதும் நிற்கிறது. பல் வலியில் ஆரம்பித்தது தனிமையில் போய் முடிகிறது.

குழு என்ன செய்யலாம்?

1. வாரம் ஒருநாள் வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைப் பாருங்கள். 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, வாய் திறக்க முடியாமை இருந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டவேண்டும்.

2. காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் துலக்கட்டும். கை நடுங்கினால் நாம் உதவலாம். பல்செட் போட்டிருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடவேண்டும்.

3. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்ப்பவர்களில் நம் குழுப் பெண்களும் இருக்கிறார்கள். பல், ஈறு பிரச்சினையையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

4. தெருவில் 4, 5 பெரியவர்களைச் சேர்த்து, முறைவைத்து ஓர் உறுப்பினர் அழைத்துப்போகலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல வட்ட அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. கூட்டிப்போகிறவரின் ஒருநாள் கூலியைக் குழு பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை.

5. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் ஏழை முதியோருக்கு இலவசப் பல்செட் கொடுக்கும் மந்தஹாசம் என்ற திட்டம் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம்.

அந்த ஆத்தாவை அந்தக் குழுவே அழைத்துப்போனது. ஆடிய 2 பல்லை எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் ரத்தம் பார்த்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். சுண்டலைக் குழைய வேகவைத்துக் கொடுத்தால் தட்டைத் தள்ளுவதில்லை.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வீட்டுப் பெரியவங்க இப்ப என்ன சாப்பிடுறாங்க, எதை விட்டுட்டாங்க?"