தா.பழூரிலிருந்து டெல்லிக்கு ஒரு மனு

தா.பழூர், அரியலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒன்றியம். சட்டமன்றத்துக்கு ஜெயங்கொண்டம் தொகுதி, மக்களவைக்குச் சிதம்பரம். பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னமும் சிதம்பரத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறது. பெரம்பலூர் நகரம் வேறு மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. மாவட்ட எல்லை ஒரு பக்கம், தொகுதி எல்லை இன்னொரு பக்கம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் மருத்துவர் மனு எழுத நினைத்தால், யார் பெயருக்கு எழுதுவது என்றே விசாரிக்க வேண்டும்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த வேலையை இணையத்திலேயே முடித்துக் கொடுக்கிறது. அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் தொகுதி உறுப்பினர்களின் பெயர் வரும். கடிதமும் தயாராக இருக்கும், திருத்தி அனுப்பலாம். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மருத்துவர்களுக்குத் தரும் கட்டணத்தைக் குறைக்கும் 1997ஆம் ஆண்டுச் சூத்திரத்தை எதிர்த்து அங்குள்ள மருத்துவர்கள் இப்படி விடாமல் எழுதினார்கள். கட்டணக் குறைப்பு 17 முறை தள்ளிவைக்கப்பட்டு, 2015 ஏப்ரலில் அந்தச் சூத்திரமே ஒழிந்தது.

நம் கதை வேறு. தேசிய மருத்துவ ஆணைய மசோதா 2017 டிசம்பர் கடைசியில் மக்களவைக்கு வந்தது. இணைப்புப் படிப்பு ஒன்றை முடித்தால் ஆயுஷ் மருத்துவர்களும் அலோபதி மருந்து எழுதலாம் என்றது அது. 2018 ஜனவரி 2 அன்று இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அன்றே மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. மார்ச் 20இல், இணைப்புப் படிப்பைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது குழு. அடுத்த வாரமே மத்திய அமைச்சரவை அந்தப் பிரிவை நீக்கியது.

மக்களவை கலைந்ததும் அந்த மசோதா காலாவதியானது. 2019 ஜூலையில் புது மசோதா வந்தபோது நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. ‘சமூக சுகாதார வழங்குநர்’ என்ற பெயரில், மருத்துவம் படிக்காதவர்களுக்கும் வரம்புக்குட்பட்ட உரிமம் தரும் 32ஆவது பிரிவு அதில் இருந்தது. மருத்துவர்கள் மறுபடி வீதிக்கு வந்தும் ஆகஸ்ட் 8இல் அது சட்டமாகிவிட்டது.

மசோதா குழுவிடம் இருக்கும்போதுதான் நம் குரல் எடுபட்டது. ஆகவே, நமக்கு வேண்டிய முதல் இணையக் கருவி, எந்த மசோதா எந்தக் குழுவிடம் இருக்கிறது, கருத்து அனுப்பக் கடைசி நாள் எது என்று கைபேசிக்குத் தமிழில் தகவல் தருவது. குழுக்கள் தரும் அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். புறநோயாளிகளைப் பார்த்து முடித்து நாளிதழைப் பிரிக்கும் நேரத்தில் அது கடந்துபோயிருக்கும்.

கடிதத்தை மட்டும் மருத்துவரே எழுத வேண்டும். ஒரே வாசகத்தில் ஆயிரம் மின்னஞ்சல் வந்தால், எந்த அலுவலகமும் அவற்றை ஒன்றாகத்தான் எண்ணும். ராத்திரி பாம்புக்கடியோடு வந்த விவசாயியை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, எத்தனை நிமிடம் வீணானது, எந்த நிபுணர் இல்லை என்பதை நோயாளியின் பெயர் சொல்லாமல் எழுதலாம். 32ஆவது பிரிவு கிராமத்துக்கு என்ன செய்யும் என்று அந்த நான்கு வரியே உறுப்பினருக்குச் சொல்லிவிடும்.

அரசு மருத்துவருக்கு இதில் ஒரு தடை உண்டு. பணி தொடர்பான கோரிக்கைக்கு அரசியல் செல்வாக்கை நாடக் கூடாது என்கின்றன நடத்தை விதிகள். தன் சம்பளத்துக்காக எழுதுவதும் தன் நோயாளிக்காக எழுதுவதும் ஒன்றா? சங்கங்கள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)